கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

புதுச்சேரியிலிருந்து காலையில் காரில் சென்னைக்குக் கிளம்பி மாலையில் திரும்புகிறவருக்குப் போகும்போதும் வலது கைதான் வேகும், வரும்போதும் வலது கைதான் வேகும். கிழக்குக் கடற்கரைச் சாலை முத்தியால்பேட்டையைத் தாண்டி, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வழியாகப் பிள்ளைச்சாவடியைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. வடக்கே போகும் ஓட்டுநருக்கு வலப்பக்கம் கடல்; காலை வெயில் அங்கிருந்துதான் வருகிறது. மாலையில் தெற்கே திரும்பும்போது அதே வலப்பக்கம் மேற்காகிவிடுகிறது. வெயிலும் இதற்குள் மேற்குக்குப் போய்விட்டிருக்கும். சென்னையிலிருந்து காலையில் புதுச்சேரிக்கு வருகிற காரில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டு வேளையும் காய்வது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்.

உச்சி வெயில்தான் காருக்குப் பெரிய எதிரி என்று நாம் நினைக்கிறோம். கூரையைப் பொறுத்தவரை அது சரி. பிள்ளைச்சாவடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அப்போது நேர்க்கதிர்கள் செங்குத்தான கதவுக் கண்ணாடியை உரசியபடி இறங்கிவிடுகின்றன. சூரியன் அடிவானிலிருந்து முப்பது, நாற்பது பாகை உயரத்தில் இருக்கும் காலை எட்டரை மணியும் மாலை மூன்றரை மணியும்தான் கதவுக் கண்ணாடிக்குக் கடுமையான நேரம். வேலைக்கும் கல்லூரிக்கும் நாம் கிளம்புவதும் திரும்புவதும் ஏறக்குறைய அதே நேரங்களில்.

ஆகவே காரின் கண்ணாடிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுவது நியாயமானது. கார் அலங்காரக் கடைக்குப் போய், "நல்லா கறுப்பா ஒரு கூலிங் பிலிம் ஒட்டுங்க" என்று கேட்பதுதான் நியாயமில்லை. சட்டம் அதைத் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம் இயற்பியலில் இருக்கிறது. கண் கூசுவது குறைந்தால் வெப்பமும் குறைந்துவிட்டது என்று நம்புகிறோம். ஆனால் கண் காண்பது வெயிலில் பாதிக்கும் குறைவான பகுதியைத்தான்.

வெயிலுக்குள் மூன்று பங்கு

பூமியின் காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1361 வாட் ஆற்றல் விழுகிறது. காற்றைக் கடந்து தரைக்கு வரும்போது, தெளிந்த நாளில், அது ஏறக்குறைய 1000 வாட். இந்த ஆற்றலை நூறு பங்காகப் பிரித்தால், சுமார் 5 பங்கு புற ஊதாக் கதிர், 43 பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதி 52 பங்கு அகச்சிவப்புக் கதிர். ஊதாவிலிருந்து சிவப்பு வரை நாம் காணும் நிறங்கள் எல்லாம் சுமார் 380 நானோமீட்டரிலிருந்து 780 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேலே 2500 நானோமீட்டர் வரை நீளும் அகச்சிவப்பு நம் கண்ணில் படுவதே இல்லை. தோலில் படும்போதுதான் சுடுகிறது.

இங்கே ஒரு தவறான புரிதலையும் விலக்கிவிட வேண்டும். அகச்சிவப்பு மட்டும்தான் வெப்பம் என்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் டேஷ்போர்டிலும் இருக்கையிலும் பட்டு உறிஞ்சப்பட்டால் வெப்பமாகத்தான் மாறும். மூன்று பங்கும் கடைசியில் காரைச் சூடாக்குகின்றன. வேறுபாடு பயனில் இருக்கிறது. ஒளி நமக்குத் தேவை. அதை வைத்துத்தான் சாலையைப் பார்க்கிறோம். அகச்சிவப்பால் ஓட்டுநருக்கு ஒரு பயனும் இல்லை. புற ஊதாவால் கேடுதான் உண்டு. ஒளியை உள்ளே விட்டு மற்ற இரண்டையும் வெளியே நிறுத்துவதே நல்ல பிலிமின் வேலை. கறுப்பு பிலிம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. நமக்கு வேண்டிய ஒளியைப் பிடித்து நிறுத்திவிட்டு, வேண்டாத அகச்சிவப்பில் பெரும்பகுதியைப் போகவிடுகிறது.

மூடிய கார் ஏன் கொதிக்கிறது

கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும், உள்ளேயிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை வெளியே விடாது, அதனால் கார் சூடாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் உண்மை இருக்கிறது. சுமார் 5500 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும் சூரியனின் கதிர்கள் குறுகிய அலைநீளம் கொண்டவை, கண்ணாடியைக் கடந்துவிடும். அறுபது, எழுபது பாகைக்குச் சூடாகும் டேஷ்போர்டிலிருந்து கிளம்பும் கதிர்களின் அலைநீளம் 8000, 9000 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். கண்ணாடிக்கு அவை புக முடியாத சுவர்.

ஆனால் முக்கியமான காரணம் அதுவல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1909-இல் எளிமையான ஒரு சோதனை செய்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதைப் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். பாறை உப்பு, கண்ணாடியைப் போலன்றி, வெப்பக் கதிர்களையும் தாராளமாக வெளியே விடும். இரண்டுக்கும் வருகிற வெயிலைச் சமமாக்கிப் பார்த்தபோது வெப்பநிலையில் ஒரு பாகை அளவுக்குத்தான் வேறுபாடு இருந்தது. கதிர் வெளியேற முடியாததைவிட, சூடான காற்று வெளியேற முடியாததுதான் பெட்டியைக் கொதிக்கவைக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. காரும் அப்படிப்பட்ட மூடிய பெட்டிதான்.

நிறுத்தி வைத்த காருக்கு பிலிம் ஓரளவுக்கே உதவும் என்பதும் இதனால் புரிகிறது. பிலிம் உள்ளே வரும் ஆற்றலைக் குறைக்கும். ஆனால் உள்ளே வந்தது வெளியேற வழியில்லாத வரை, கார் சற்று மெதுவாகச் சூடாகும், சூடாகாமல் இருக்காது. அமெரிக்காவில் கேத்தரின் மெக்லாரனும் சக ஆய்வாளர்களும் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. எவ்வளவு விலை கொடுத்து பிலிம் ஒட்டியிருந்தாலும், "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று குழந்தையையோ முதியவரையோ நாயையோ காருக்குள் விட்டுப் போகக் கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை.

பிலிமுக்குள் என்ன இருக்கிறது

பிலிமின் உடல் பாலியெஸ்டர் தகடு. அதன் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஒருபுறம் பசை, மறுபுறம் கீறல் விழாமல் காக்கும் கடினப் பூச்சு. பசையிலோ தகட்டிலோ புற ஊதாவை உறிஞ்சும் வேதிப்பொருள் கலந்திருக்கும். வெயிலை எது தடுக்கிறது என்பதை வைத்து பிலிம்கள் பிரிகின்றன.

முதல் வகை சாயமிட்டது. விலை குறைவு, பார்க்கக் கறுப்பு. சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும். அகச்சிவப்பில் பெரும்பகுதி அதைக் கடந்துவிடும். சில ஆண்டு வெயிலில் சாய மூலக்கூறுகள் சிதையும். பழைய கார்களின் பின்கண்ணாடி ஊதா நிறமாக வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சிதைவின் அடையாளம்.

இரண்டாம் வகை உலோகம் பூசியது. மிக மெல்லிய உலோகப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் சாயத்தைவிட இது மேல். ஆனால் பளபளக்கும், கைப்பேசி, வழிகாட்டிக் கருவி ஆகியவற்றின் ரேடியோ அலைகளையும் பலவீனப்படுத்தும். கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிலிமின் ஓரங்கள் வழியாக உப்பு ஈரம் புகுந்தால் உலோகப் படலம் அரிக்கும். கடல் அரிப்பால் அலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பிள்ளைச்சாவடியில், சைக்கிள் செயின் முதல் ஜன்னல் கம்பி வரை உப்புக் காற்று என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் வகையைக் கடைகளில் செராமிக் என்கிறார்கள். உலோக ஆக்சைடுகளின் நுண்துகள்கள் பிலிமில் கலந்திருக்கும். இண்டியம் வெள்ளீய ஆக்சைடு, ஆன்டிமனி வெள்ளீய ஆக்சைடு, சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள்கள் மிகச் சிறியவையாக இருப்பதால் ஒளி சிதறாமல் கடந்து போகிறது. ஆனால் அவற்றிலுள்ள எலெக்ட்ரான்களின் அசைவு அகச்சிவப்போடு ஒத்திசைந்து அதை விழுங்கிவிடுகிறது. உலோகப் படலம் இல்லாததால் ரேடியோ அலைகளுக்குத் தடையில்லை.

நான்காவது, பல அடுக்கு பாலிமர் பிலிம். ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான அடுக்குகளை மாற்றி மாற்றி அடுக்கி, குறிப்பிட்ட அலைநீளங்கள் மட்டும் எதிரொளித்துத் திரும்பும்படி செய்கிறார்கள். விலை மிக அதிகம். ஆனால் உறிஞ்சுவதைவிடத் திருப்பி அனுப்புவது ஏன் மேலானது என்பதை அடுத்த கணக்கு காட்டும்.

ஒளி ஊடுருவும் பிலிம் கறுப்பை வெல்லும் கணக்கு

கணக்கு புரிவதற்காக இரண்டு பிலிம்களை எடுத்துக்கொள்வோம். எண்களை வசதிக்காக முழுமையாக்கியிருக்கிறேன்.

ஒன்று, சாயமிட்ட கறுப்பு பிலிம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 20 விழுக்காட்டை மட்டுமே உள்ளே விடுகிறது; அகச்சிவப்பில் 80 விழுக்காட்டை விட்டுவிடுகிறது. நூறு பங்கு வெயிலில் புற ஊதா 5 பங்கும் நின்றுவிட்டது. ஒளியில் 43-இல் 9 பங்கு உள்ளே வருகிறது. அகச்சிவப்பில் 52-இல் 42 பங்கு உள்ளே வருகிறது. ஆக நேராக வருவது 51 பங்கு. நின்றுபோன 49 பங்கு காணாமல் போய்விடுவதில்லை. கண்ணாடியும் பிலிமும் அதை உறிஞ்சிச் சூடாகின்றன. அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வெளிக்காற்று எடுத்துக்கொள்ளும். சுமார் கால் பங்கு உள்ளே திரும்பும். அது 12 பங்கு. மொத்தம் உள்ளே வந்தது 63 பங்கு, தடுக்கப்பட்டது 37 பங்கு.

மற்றது, ஏறக்குறைய நிறமே தெரியாத செராமிக் பிலிம். ஒளியில் 70 விழுக்காட்டை விடுகிறது, அகச்சிவப்பில் 10 விழுக்காட்டை மட்டும் விடுகிறது. ஒளியில் 30 பங்கு, அகச்சிவப்பில் 5 பங்கு, ஆக நேராக வருவது 35. நின்ற 65-இல் கால் பங்கு, அதாவது 16 பங்கு, சூடான கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. மொத்தம் 51 பங்கு. தடுக்கப்பட்டது 49.

உள்ளே இருப்பவரின் முகம் தெரியாத அளவு கறுத்த பிலிம் தடுத்தது 37 பங்கு. ஒட்டியிருப்பதே தெரியாத பிலிம் தடுத்தது 49 பங்கு. கறுப்புக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான். இரண்டாவது பிலிம் உறிஞ்சுவதற்குப் பதிலாக எதிரொளிப்பதாக இருந்தால், கண்ணாடி வழியாகத் திரும்பிவரும் அந்த 16 பங்கிலும் ஒரு பகுதி மிச்சமாகும். பல அடுக்கு பிலிமுக்கு மக்கள் கூடுதல் விலை கொடுப்பது அதற்காகத்தான்.

விளம்பரங்களில் அடிபடும் "90 விழுக்காடு வெப்பத் தடுப்பு" எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் தெரியும். செராமிக் பிலிம் அகச்சிவப்பில் 90 விழுக்காட்டைத் தடுத்தது உண்மை. ஆனால் அகச்சிவப்பு வெயிலின் பாதி மட்டுமே. தடுத்ததிலும் கால் பங்கு திரும்பி வருகிறது. மொத்தத்தில் நிற்பது 49. எனவே கேட்க வேண்டிய எண் அகச்சிவப்புத் தடுப்பு அன்று. மொத்த சூரிய ஆற்றல் தடுப்பு. பிலிம் வணிகத்தில் இதை டி.எஸ்.இ.ஆர். என்பார்கள். நேர்மையான நிறுவனம் எதுவானாலும் இந்த எண்ணைத் தன் அட்டவணையில் தரும். வாகனக் கண்ணாடியில் இத்தகைய அளவீடுகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 13837 என்ற சர்வதேசத் தரநிலையும் இருக்கிறது.

கடைகளில் காட்டும் விளக்குச் சோதனையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சூட்டு விளக்கை எரியவிட்டு, பிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. அந்த விளக்கு வெளியிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பு. சூரிய ஒளியின் கலவை அதில் இல்லை. அதோடு, உறிஞ்சும் பிலிம் சூடாகி உள்ளே வெப்பத்தை விட ஆரம்பிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சோதனை முடிந்துவிடும். உண்மையான சோதனை வேண்டுமானால் இரண்டு மாதிரிக் கண்ணாடிகளையும் வெயிலுக்குக் கொண்டுவந்து பதினைந்து நிமிடம் வைத்து, பிறகு பின்னால் கையை நீட்டிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆவது விதிப்படி முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டை விட வேண்டும். இது மத்திய விதி. புதுச்சேரி நகரிலிருந்து பிள்ளைச்சாவடி போவதற்குள் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறோம். எல்லை மாறினாலும் இந்த எண்கள் மாறா.

கறுப்பு பிலிம் ஒட்டிய கார்களில் நடந்த குற்றங்களைச் சுட்டி அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், ஸ்வதந்தர் குமார் அடங்கிய அமர்வு அது. கண்ணாடி தயாரிக்கப்படும்போதே இந்த அளவுகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், பிறகு அதன்மேல் எத்தனை விழுக்காடு ஒளி விடும் கறுப்பு பிலிமையும் வேறு எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டு மே 4 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்குக்கு இடம் இருந்தது. தீர்ப்பை மாற்றக் கோரிய மனுக்களை 2012 ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை.

பின்னர் 2020-இல் விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்புக் கண்ணாடியோடு, உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி அமைப்பும் ஐ.எஸ். 2553 தரநிலைக்கு உட்பட்டு ஏற்கப்படுகிறது. இதை வைத்து, 70, 50 என்ற அளவுகளுக்குள் இருக்கும் பிலிமை ஒட்டியவர்மீது அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. கேரளத் தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்டலாமே தவிர, அது இங்கே கட்டுப்படுத்தாது. சாலையில் நிறுத்தும் காவலர் 2012 தீர்ப்பைச் சொன்னால் மறுத்துப் பேசுவது எளிதன்று. ஆகவே சட்டச் சிக்கலே வேண்டாம் என்பவருக்கு பிலிமே ஒட்டாமல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு. ஒட்டுவதென்று தீர்மானித்தவர் தன் பகுதிப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒட்டுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு 500 ரூபாய் வரையும் மறுமுறைக்கு 1500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

சட்டத்தின் எண்களைக் காரில் பொருத்திப் பார்க்கும்போது பலர் தவறுவது ஒரு பெருக்கலில். 50 விழுக்காடு என்பது பிலிமுக்கான எண் அன்று. கண்ணாடியும் பிலிமும் சேர்ந்த மொத்தத்துக்கான எண். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு சல்லடைகளைப் போல, முதலாவது விட்டதில் ஒரு பங்கைத்தான் இரண்டாவது விடும். இன்றைய கார்களின் கண்ணாடி பெரும்பாலும் இளம்பச்சைச் சாயல் கொண்டது. கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு அயனிகள் அகச்சிவப்பில் ஒரு பகுதியை உறிஞ்சுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அத்தகைய கண்ணாடி 75 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் 70 விழுக்காடு விடும் பிலிமை ஒட்டினால், 75-இல் 70 விழுக்காடு, அதாவது 52.5. பக்கக் கண்ணாடிக்கு இது எல்லைக்குள் இருக்கிறது. 50 என்று அச்சிட்ட பிலிமை ஒட்டினால் கிடைப்பது 37.5 மட்டுமே. அது விதிமீறல். முன்கண்ணாடியில் 90 விழுக்காடு விடும் பிலிமை ஒட்டினாலும் 67.5 ஆகிவிடும், 70-க்குக் கீழே. முன், பின் கண்ணாடிகளில் பிலிமுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பதை இந்தப் பெருக்கல் சொல்லிவிடுகிறது.

இரவு ஏழு மணிக்கு அதே கண்ணாடி

பகலில் கறுப்பு பிலிம் ஆபத்தாகத் தெரியாது. நேர் வெயிலில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டினாலும் இருபதாயிரம் மிஞ்சும். கண் அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். தெருவிளக்கின் கீழே சாலையில் விழுவது பத்து லக்ஸ் அளவில்தான். பச்சைச் சாயல் கண்ணாடியும் 20 விழுக்காடு பிலிமும் சேர்ந்தால் அதில் ஓட்டுநரின் கண்ணுக்கு வருவது ஒன்றரை லக்ஸ். இருட்டுச் சட்டை போட்டுக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்பவரை அந்த ஒளியில் பிரித்தறிய முடியாது.

பிள்ளைச்சாவடியில் இது வெறும் கணக்கு அல்ல. சாலையின் ஒருபக்கம் மீனவர் குடியிருப்பு, அருகிலேயே புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சற்றுத் தள்ளிக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். மீன்கூடை சுமப்பவர்களும் மாணவர்களும் சைக்கிள்காரர்களும் இருட்டிய பிறகும் இந்தச் சாலையைக் கடக்கிறார்கள். சென்னைக்கு விரையும் கார்களும் இதே சாலையில்தான் போகின்றன. கடக்க நிற்பவர் முதலில் தேடுவது ஓட்டுநரின் கண்களை. அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைப்போம். கறுப்புக் கண்ணாடி அந்தப் பார்வைப் பரிமாற்றத்தை அழித்துவிடுகிறது. உள்ளே இருப்பவரின் வசதிக்காக வெளியே நடப்பவர் ஆபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. 70, 50 என்ற எண்களுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான்.

தோலுக்கு வேண்டியது நிறமில்லாத தடுப்பு

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற கருத்தின் வழித்தோன்றல் அது. உடைந்தாலும் சிதறக் கூடாது என்பதற்காக வைத்த அந்தப் படலம், புற ஊதாவையும் ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிடுகிறது. பெரும்பாலான கார்களின் கதவுக் கண்ணாடி அப்படியல்ல. அது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய ஒற்றைத் தகடு. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 29 கார்களை அளந்து பார்த்தபோது, புற ஊதா ஏ கதிரை முன்கண்ணாடிகள் சராசரியாக 96 விழுக்காடு தடுத்தன. பக்கக் கண்ணாடிகள் சராசரியாக 71 விழுக்காடுதான் தடுத்தன. அதிலும் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் 44-இலிருந்து 96 வரை வேறுபாடு.

28 ஆண்டுகள் சரக்கு வாகனம் ஓட்டிய ஒருவரின் படம் 2012-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. முகத்தின் இடப்பக்கம் மட்டும் ஆழமான சுருக்கங்களுடன் பல ஆண்டு முதிர்ந்து தெரிந்தது. அமெரிக்காவில் ஓட்டுநரின் ஜன்னல் இடப்பக்கம். நம் ஊரில் அது வலப்பக்கம். நாள்தோறும் காலையில் வடக்கே போய் மாலையில் தெற்கே திரும்பும் வாடகைக் கார் ஓட்டுநர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது புற ஊதாவை 99 விழுக்காடு நிறுத்தும் படலம். அதற்குக் கறுப்பு நிறம் சிறிதும் தேவையில்லை. முற்றிலும் நிறமற்ற பிலிமே அதைச் செய்துவிடும். முழுக்கைச் சட்டையும் கை உறையும் பெருமளவு செய்யும்.

கடையில் நிற்கும்போது

முதலில் உங்கள் காரின் கண்ணாடியை ஒளிமானியால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண் தெரியாமல் எந்த பிலிமையும் தேர்ந்தெடுக்க முடியாது. பிறகு பிலிமின் ஒளி ஊடுருவல் எண்ணைக் கேட்டு இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பக்கக் கண்ணாடிக்கு 50-ஐவிடச் சற்று மேலே, ஓரிரு எண் இடைவெளியுடன் வர வேண்டும். அச்சிட்ட எண்ணுக்கும் மானி காட்டும் எண்ணுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். அடுத்து மொத்த சூரிய ஆற்றல் தடுப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 70-ஐ ஒட்டி ஒளி விடும் நல்ல பிலிமில் அது 50-ஐ நெருங்கும். பதில் சொல்லத் தெரியாமல், "பாருங்க சார், எவ்வளவு கூலா இருக்கு" என்று விளக்கை மட்டும் காட்டினால் வேறு கடைக்குப் போகலாம்.

கடலோரத்தில் இருப்பவர் உலோகம் பூசியதைத் தவிர்த்து, செராமிக்கையோ பல அடுக்கையோ எடுப்பது நல்லது. ஒட்டும் வேலையும் பிலிமின் தரத்துக்குக் குறைந்ததன்று. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் தகட்டால் நீரை முழுக்க வழித்தெடுத்து, ஓரங்களைச் சீராக வெட்ட வேண்டும். தூசி பறக்கும் சாலையோரத்தில் ஒட்டினால் ஒவ்வொரு மணலும் ஒரு குமிழாக நிற்கும். ஒட்டிய பிறகு சில நாட்களுக்குக் கண்ணாடியை இறக்காமல் இருந்தால்தான் பசை உலரும். பில், பிலிமின் விவரத் தாள், ஒட்டியபின் எடுத்த அளவு மூன்றையும் காரிலேயே வைத்திருங்கள்.

பிலிமுக்குச் செலவழிப்பதற்கு முன் செய்யக்கூடியவையும் உண்டு. காரில் மிகப் பெரிய, சாய்வான கண்ணாடி முன்கண்ணாடிதான். நிறுத்தியிருக்கும்போது அதிகம் வெயில் வாங்குவதும் அதுவே. வெள்ளி நிற மடிப்புத் திரையை அதன் உட்புறம் விரித்து வைத்தால் டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் கொதிக்காது. கிளம்பும்போது அதை எடுத்துவிடலாம். ஓடும் காரில் பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது. காரை எடுத்தவுடன் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டினால், ராபர்ட் உட் காட்டிய அந்தச் சிறைப்பட்ட சூட்டுக் காற்று வெளியேறிவிடும். அதன்பின் ஏசியைப் போட்டால் விரைவில் குளிரும்.

இத்தனையும் செய்தபின், நாள்தோறும் வெயிலை நேர்கொண்டு நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு மட்டும் பிலிம் உண்மையான பயன் தரும். அவர் வாங்க வேண்டியது வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பதே தெரியாத பிலிம். காசு கொடுத்து வாங்கிய பொருள் கண்ணுக்கே தெரியவில்லையே என்று சிலருக்கு மனம் ஆறாது. ஆனால் வெயிலின் பெரும்பாதியே கண்ணுக்குத் தெரியாதபோது, அதை நிறுத்தும் பொருளும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் முறை. உள்ளே இருப்பவருக்குச் சூடு குறைய வேண்டும், சாலையில் நடப்பவருக்கு ஓட்டுநரின் முகம் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்துத் தர இன்றைய அறிவியலால் முடிகிறது. அந்த வாய்ப்பு இருக்கும்போது கறுப்பைக் கேட்பதற்கு ஒரு நல்ல காரணமும் மிச்சமில்லை.